உங்க போன்ல இருக்கிற அந்த பிளஸ் பட்டன்... கொடுத்துட்டுப் போனவர் இவர்தான்!

உங்க போன்ல பழைய காலத்து வீடியோ கேம் ஏதாவது ஒண்ணைத் திறந்து பாருங்க. ஸ்கிரீனின் இடது மூலையில், கண்ணாடிக்குள்ளே ஒரு பிளஸ் குறி தெரியும். மேலே, கீழே, இடது, வலது. கட்டைவிரலை வெச்சா ஹீரோ நடப்பார். அதை யாரும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாங்க. பார்த்ததும் விரல் தானாகப் போய் உட்காரும்.

90-களில் பிறந்தவர் என்றால் அந்த பிளஸ்ஸை நிஜமான பிளாஸ்டிக்காகவே தொட்டிருப்பீங்க. டிவிக்குப் பின்னாடி வயரைச் சொருகி, கேசட்டை ஊதி ஊதிப் போட்டு, அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டே கான்ட்ரா விளையாடிய தலைமுறை. லீவு முடியும்போது கட்டைவிரல் நுனி காய்ச்சுப்போயிருக்கும்.

அந்தக் காய்ப்புக்குக் காரணமானவர் பெயர் குன்பெய் யோகோய். ஜப்பான்காரர். செத்துப்போய் 25 வருஷத்துக்கும் மேலாகிறது. மாரியோவைத் தெரியாத வீடு இல்லை. இவரைத் தெரிந்த வீட்டைத் தேடணும்.

எனக்கும் போன வருஷம் வரை தெரியாது. என் மகளால்தான் தெரியவந்தது. அவளுக்கு 9 வயசு. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த அவளோட மாமா ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச்சைக் கொடுத்துட்டுப் போனார். அதில் பழைய கேம்கள் ஒரு மூட்டை. அவள் பாட்டுக்கு ஒன்றைத் திறந்தாள். பெயர் மெட்ராய்டு, 1986-ல் வந்தது. கறுப்புப் பின்னணி, காதுக்குள் குறுகுறுவென்று ஒரு இசை, நடுவில் கவச உடை போட்ட ஒரு உருவம். அவ்வளவுதான். எங்கே போகணும், என்ன பண்ணணும், ஒரு வார்த்தை இல்லை.

எல்லா கேமும் வலது பக்கம்தானே போகும்? அவளும் வலது பக்கம் ஓடினாள். கொஞ்ச தூரத்தில் ஒரு சுவர். அடியில் சின்னதாக ஒரு சந்து. குனிந்து போக முடியவில்லை. மேலிருந்து பறந்துவந்த ஒன்று கடித்தது. செத்தாள். மறுபடி. மறுபடி. பத்து நிமிஷம் கழித்துதான் ஆரம்பித்த இடத்திலிருந்து இடது பக்கம் போய்ப் பார்க்கத் தோன்றியது. அங்கே ஒரு உருண்டை இருந்தது. அதை எடுத்தால் நம்ம ஆள் பந்து மாதிரி சுருண்டு அந்தச் சந்துக்குள் உருள முடியும். அவள் என்னைப் பார்த்தாள். எதையோ திருட்டுத்தனமாகக் கண்டுபிடித்துவிட்ட முகம். யாருடா இதைப் பண்ணினவன் என்று தேட ஆரம்பித்தது அந்த ராத்திரியில்தான்.

சீட்டு அச்சடிக்கிற மெஷினைப் பார்த்துக்கொண்ட பையன்

குன்பெய் யோகோய் 1941 செப்டம்பர் 10-ல் கியோட்டோவில் பிறந்தார். அதே ஊரில் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தார். 1965-ல் வேலைக்குச் சேர்ந்த இடம் நின்டெண்டோ. இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் உங்க மனசில் வருகிற கம்பெனி அப்போது இல்லை. பூப்படம் போட்ட ஹனாஃபுதா சீட்டுக்கட்டு தயாரிக்கிற கம்பெனி அது. இவருக்குக் கொடுத்த வேலை, சீட்டு தயாரிக்கும் மெஷின்கள் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது. மெஷின் ஓடினால் இவருக்கு வேலை கிடையாது.

சும்மா இருக்கிற நேரத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒரு பொம்மை பண்ணினார். பழைய லிஃப்ட்டில், பேங்க் வாசலில் எக்ஸ் எக்ஸாக மடங்குகிற இரும்பு கேட் பார்த்திருப்பீங்க இல்லையா? அதே ஐடியாதான். கைப்பிடியை அமுக்கினால் அந்த எக்ஸ்கள் நீண்டுபோய் தூரத்தில் இருக்கிற பொருளைக் கவ்வும். வேலை நேரத்தில் இவர் அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்ததை முதலாளி ஹிரோஷி யமாவுச்சி பார்த்துவிட்டார்.

யமாவுச்சி கெடுபிடியான ஆள். கூப்பிட்டு அனுப்பினார். யோகோய் சீட்டு கிழிந்தது என்று நினைத்துதான் போயிருப்பார். முதலாளி சொன்னதோ வேற: இதை விற்கிற மாதிரி ஒரு பொம்மையாகப் பண்ணு. 1966-ல் அது அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் கடைக்கு வந்தது. சுமார் 12 லட்சம் விற்றது. மெஷின் ரிப்பேர் பையன் பொம்மை வடிவமைப்பாளர் ஆகிவிட்டார்.

அதற்குப் பிறகு வரிசையாகப் பொம்மைகள். வீட்டுக்குள்ளேயே பந்து வீசுகிற மெஷின். இடது பக்கம் மட்டுமே திரும்புகிற ரிமோட் கார். சிரிக்காதீங்க, அதில் விஷயம் இருக்கிறது. ரிமோட் கார் அப்போது பணக்காரப் பிள்ளைகள் சமாசாரம். ரெண்டு பக்கமும் திரும்ப வைக்க ஏகப்பட்ட பாகம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போதும் என்றால் விலை சரசரவென்று இறங்கிவிடும். ரேஸ் ஓடுவது வட்டப் பாதையில்தானே, இடது மட்டும் போதாதா என்று யோசித்தார் மனுஷன்.

1969-ல் வந்தது லவ் டெஸ்டர். ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு உருண்டையை ஒரு கையில் பிடிக்கணும், இன்னொரு கையால் ஒருவர் கையை ஒருவர் பிடிக்கணும். உடம்பில் ஓடுகிற துளி மின்சாரத்தை அளந்து, இவ்வளவு காதல் என்று முள் காட்டும். அறிவியல் எல்லாம் ஒன்றும் இல்லை. உள்ளங்கை வியர்த்தால் முள் ஏறும். பெண்களின் கையைப் பிடிக்க ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்ததாக யோகோய் பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

இவர் பொம்மைகளில் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரு மெஷின், அதைச் சுற்றி ரெண்டு பேர். இதை மனசில் வெச்சுக்கோங்க, பின்னால் வேண்டியிருக்கும்.

மீந்த இட்லியும் உப்புமாவும்

70-களில் ஜப்பானில் கால்குலேட்டர் கம்பெனிகளுக்குள் வெட்டுக்குத்து. விலையைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் எல்.சி.டி திரையும் சின்னச் சின்ன சிப்பும் தெருவில் இறைகிற அளவுக்கு மலிவாகிவிட்டன. மற்றவர்கள் அதைப் பழைய சரக்கு என்று பார்த்தார்கள். யோகோய் பார்த்தது வேறு மாதிரி. ரயிலில் போகும்போது எதிரே ஒரு ஆபீஸ்காரர் பொழுதுபோகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்தாராம். அங்கேதான் பொறி விழுந்தது என்று சொல்வார்கள்.

முதலாளியிடம் இதைச் சொல்ல வாய்ப்பு கிடைத்த கதை அதைவிட சுவாரசியம். ஒருநாள் யமாவுச்சியின் கார் டிரைவர் வரவில்லை. அது இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள வெளிநாட்டு கார். அதை ஓட்டிப் பழகினவர் கம்பெனியில் யோகோய்தான். ஓட்டிக்கொண்டே, கால்குலேட்டர் சைஸில் ஒரு கேம் பண்ணினால் என்ன என்று பேச்சுவாக்கில் சொன்னார். முதலாளி பெரிதாகக் கண்டுகொண்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் போன கூட்டத்தில் ஷார்ப் கம்பெனித் தலைவரும் இருந்தார். சில நாளில் ஷார்ப் ஆட்கள் யோகோயைத் தேடி வந்துவிட்டார்கள்.

1980-ல் கேம் அண்ட் வாட்ச் வந்தது. உள்ளங்கை அளவு. ஒரு மெஷினில் ஒரே விளையாட்டு, மூலையில் கடிகாரம். அதில் உருவம் உண்மையில் நகராது. கால்குலேட்டரில் எண்கள் தெரிகிற மாதிரி, முன்னாடியே வரைந்து வைத்த உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்து மறையும். நம்ம கண்ணுக்கு ஆள் ஓடுகிற மாதிரி இருக்கும். உலகம் முழுக்க 4 கோடியே 34 லட்சம் விற்றது.

யோகோயின் தத்துவம் என்று இதைத்தான் இன்றும் டிசைன் வகுப்புகளில் சொல்கிறார்கள். புத்தம்புது டெக்னாலஜியின் பின்னால் ஓடாதே. எல்லோரும் பழகி, கோளாறெல்லாம் தெரிந்து, விலையும் விழுந்துவிட்ட ஒன்றை எடு. அதை யாரும் நினைக்காத இடத்தில் வை. இதை ஜப்பானிய மொழியில் அழகாக, பெரிய வார்த்தைகளில் சொல்வார்கள். நம்ம வீட்டில் இதற்கு இட்லி உப்புமா என்று பேர்.

இப்போது பிளஸ்ஸுக்கு வருவோம். டான்கி காங் கேமை 1982-ல் இந்தக் குட்டி மெஷினுக்குக் கொண்டுவரணும். ஏணியில் ஏறணும், நடக்கணும், நாலு திசையும் வேண்டும். பெரிய கேம் மெஷின்களில் இதற்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சி இருக்கும். புத்தகம் மாதிரி மூடி பாக்கெட்டில் போடுகிற பொருளில் குச்சியை வைக்க முடியுமா? நாலு தனிப் பட்டன் வைத்தால் விரல் எதில் இருக்கிறது என்று குனிந்து பார்க்கணும். யோகோய் நாலையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரே பிளஸ்ஸாக ஆக்கினார். ஒரு பக்கம் அமுக்கினால் எதிர்ப்பக்கம் லேசாகத் தூக்கும், நடுவில் ஒரு அச்சு. பார்க்காமலே கட்டைவிரலுக்குத் திசை புரியும். அடுத்த வருஷமே வந்த ஃபேமிகாமிலும் அதே பிளஸ். பிறகு எல்லாக் கம்பெனிகளும் கொஞ்சம் கொஞ்சம் வடிவத்தை மாற்றி அதையே பண்ணின.

ஒரு வேடிக்கை. எங்க ஸ்விட்ச்சின் இடது கையில் அந்த பிளஸ் இல்லை. தனித்தனியாக நாலு பட்டன்தான். என் மகள் செத்த பாதி தடவைக்கு நான் அதைத்தான் காரணம் சொன்னேன். மீதிப் பாதிக்கு என்னைக் காரணம் சொன்னாள்.

மாரியோவிலும் இவர் பங்கு உண்டு. அமெரிக்காவில் விற்காமல் தேங்கிப்போன சுமார் 2,000 கேம் பெட்டிகளைக் காப்பாற்ற, ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் புது கேம் ஒன்று கேட்டார் முதலாளி. அவருக்கு மேற்பார்வை யோகோய். அப்படி வந்ததுதான் 1981-ன் டான்கி காங். அதில் கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்தாலே ஹீரோ செத்துவிடுவார். 1983-ல் மாரியோ பிரதர்ஸ் செய்யும்போது, எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் சாகக்கூடாது என்று சொன்னது யோகோய். மியாமோட்டோவுக்கு முதலில் தயக்கம், அப்புறம் விளையாட்டு என்ன இருக்கிறது என்று. இன்றைக்கு மாரியோ வானத்திலிருந்து தொப்பென்று விழுந்து எழுந்து ஓடுகிறார் என்றால் அந்த வாதத்தில் யோகோய் ஜெயித்ததால்தான்.

அதே மனுஷனின் குழுவிலிருந்துதான், அவர் தயாரிப்பாளராக இருக்க, மூணு வருஷம் கழித்து மெட்ராய்டு வந்தது. இந்த இடம்தான் எனக்குப் புதிர். விழுந்தாலும் சாகக்கூடாது என்று பரிந்து பேசியவர், இவ்வளவு கொடூரமான ஒன்றை எப்படி அனுமதித்தார்?

ஏன் கொடூரம் என்றால், அதில் மேப் கிடையாது. ஒரே மாதிரி சுவர், ஒரே மாதிரி தரை, எல்லாப் பக்கமும் பாதை. செத்தால் மறுபடி ஆரம்பிக்கும்போது 30 அளவு சக்திதான் கொடுக்கும், நீங்க எவ்வளவு சேர்த்து வெச்சிருந்தாலும் சரி. குழாய்க்குள்ளிருந்து வருகிற பூச்சிகளை ஒவ்வொன்றாகச் சுட்டு, அது விட்டுப்போகிற உருண்டையைப் பொறுக்கி, சொட்டுச் சொட்டாக ஏற்றணும். நாங்க ஒரு சனிக்கிழமை முழுக்க அந்தக் குழாய் பக்கத்திலேயே நின்றோம். செத்தால் கன்ட்ரோலர் கை மாறும், அதுதான் ஒப்பந்தம்.

ஸ்விட்ச்சில் ரீவைண்ட் வசதி இருக்கிறது. செத்ததும் பத்து செகண்ட் பின்னால் போய்க்கொள்ளலாம். முதல் வாரம் அதைத் தொடவில்லை. ரெண்டாவது வாரம் என் மகள் கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்துவிட்டு, இது போங்கு ஆட்டம், எனக்கு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள். கண்ணில் தண்ணி. எனக்கு உடனே ரீவைண்ட் பட்டன்தான் ஞாபகம் வந்தது. சொல்லலாமா, வேண்டாமா? பிள்ளை அழும்போது உங்களுக்கும் இதே மாதிரி கை பரபரக்கும். நான் சொல்லவில்லை. சரிதானா என்று இப்போதும் உறுதியாகத் தெரியாது. நான் மட்டும் உட்கார்ந்து விளையாடினேன். ஆறு தடவை செத்தேன். ஏழாவது தடவை பின்னாலிருந்து ஒரு குரல், அந்தக் கதவு வழியா ஏற்கெனவே போயாச்சு என்று. திரும்பினால் கையில் ஸ்கூல் கணக்கு நோட்டு. கட்டம் போட்ட பக்கத்தில் பென்சிலால் மேப் வரைய ஆரம்பித்திருந்தாள்.

ஒருவர் மட்டும் பார்க்கிற மெஷின்

1989-ல் கேம் பாய். யோகோயின் குழு செய்ததில் பெரியது இதுதான். அப்போதே கலர் திரை சாத்தியம். போட்டியாளர்கள் அடாரி லிங்ஸிலும் சேகா கேம் கியரிலும் அதைச் செய்தும் காட்டினார்கள். ஆறு பென்சில் பேட்டரி போட்டால் நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நாலே பேட்டரி, பச்சைப் பாசி நிறத்தில் நாலு ஷேடு, பின்னால் லைட்டுகூட கிடையாது. ஆனால் பத்து மணி நேரத்தைத் தாண்டியும் ஓடும். விலை குறைவு. கீழே போட்டால் உடையாது. வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிப்போன ஒரு கேம் பாய், உருகிய உடம்போடு வேலை செய்துகொண்டிருந்ததை நியூயார்க் கடையில் பல வருஷம் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பின்னால் வந்த கலர் மாடலையும் சேர்த்தால் விற்பனை 11 கோடியே 86 லட்சத்துக்கும் மேல்.

அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ரெண்டு கேம் பாயை வயரால் இணைப்பதற்கு. டெட்ரிஸில் எதிரெதிரே மோதலாம். 1996-ல் வந்த போக்கிமான் அந்த வயரை நம்பித்தான் பிறந்தது, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளணுமே! லவ் டெஸ்டர் ஞாபகம் இருக்கா?

அதற்கப்புறம்தான் விர்ச்சுவல் பாய். 1995 ஜூலை. ரெண்டு கால் ஸ்டாண்டு வைத்த ஒரு கண்ணாடிப் பெட்டி. மேஜைமேல் வைத்து, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு பார்க்கணும். உள்ளே முப்பரிமாண உலகம், ஆனால் கறுப்பும் சிவப்பும் மட்டும். கழுத்து வலி, தலைவலி, கண் எரிச்சல் என்று புகார். 7 வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்காதீங்க என்று எச்சரிக்கை வேறு. மொத்தமே சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம் விற்று, ஒரு வருஷத்துக்குள் சுருட்டிக் கட்டினார்கள்.

சிவப்பு நிறம்தான் கெடுத்தது, விலைதான் கெடுத்தது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. அந்தப் பெட்டியில் ஒருவர் முகம் புதைத்திருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. பிடறிதான் தெரியும். கையைப் பிடிக்கச் சாக்கு தேடியவர் செய்த மெஷினில் ரெண்டாவது ஆளுக்கு இடமே இல்லை. என் மகள் ஒரு விர்ச்சுவல் பாயில் அழுதிருந்தால், ஏன் அழுகிறாள் என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

1996 ஆகஸ்ட்டில் யோகோய் நின்டெண்டோவிலிருந்து விலகினார். 31 வருஷ சர்வீஸ். தோல்விக்காகத் துரத்திவிட்டார்கள் என்று இன்றும் இணையத்தில் கதை ஓடுகிறது. ஐம்பதைத் தாண்டியதும் தனியாகப் போவது முன்பே போட்ட திட்டம்தான் என்று அவரே பத்திரிகையில் எழுதினார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஒன்று மட்டும் கண்ணெதிரே இருக்கிறது: வெறும் கையோடு போகவில்லை. கேம் பாயை இன்னும் ஒல்லியாக்கிய கேம் பாய் பாக்கெட்டைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் போனார்.

கியோட்டோவிலேயே கோட்டோ என்று சின்னதாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பான்டாய் நிறுவனத்துக்காகப் புதிதாக ஒரு கையடக்க கேம் மெஷின். மறுபடி கலர் இல்லை, மறுபடி குறைந்த விலை. இந்தத் தடவை ஒரே ஒரு பென்சில் பேட்டரி. படுக்கவைத்தும் விளையாடலாம், போன் மாதிரி நிமிர்த்தியும் விளையாடலாம்.

அது முடிவதை அவர் பார்க்கவில்லை. 1997 அக்டோபர் 4. இஷிகாவா மாகாணத்தில் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில் அவர் போன கார் முன்னால் போன ஒரு வண்டியில் இடித்தது. பெரிய அடி இல்லை. சேதத்தைப் பார்க்கக் கீழே இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் மோதியது. 56 வயசு.

1999 மார்ச்சில் ஒண்டர்ஸ்வான் என்ற பெயரில் அந்த மெஷின் வந்தது. கூடவே அவர் யோசித்து வைத்திருந்த ஒரு புதிர் விளையாட்டும். அதற்கு குன்பே என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

மெட்ராய்டை நாங்க இன்னும் முடிக்கவில்லை. சீக்கிரமாக முடித்தால் கடைசியில் கவசத்தைக் கழற்றி ஒரு ஆச்சரியம் காட்டும். அது என்ன என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. உங்க வீட்டில் பிள்ளை இருந்தால், இல்லை அக்கா பையனாவது லீவுக்கு வந்தால், நீங்களும் முன்கூட்டியே சொல்லிடாதீங்க.

கணக்கு நோட்டில் இப்போது 14 பக்கம் ஆகிவிட்டது. செல்லோடேப் போட்டு ஒட்டி, ஹால் தரையில் விரித்தால் ஃபேனை நிறுத்த வேண்டியிருக்கிறது. நெருப்புக் குழம்பு ஓடுகிற பகுதியில் ஒரு கதவுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள். சனிக்கிழமை அங்கேதான்.